வாகையை வெளுத்தது நான்தான்

சிவகாசி
ஆவணி 9

அன்பு மகள் அழகுமீனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சளி இருமல்கூட இல்லாமல் இருக்கிறோம், ஊட்டிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும், ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைப்பதற்கு வாங்கித் தரவில்லை. அம்மா ஸ்கூட்டர் பழகிவிட்டாள். பழகுவதற்குள் எதிர்வீட்டு லட்சுமிகாந்தம் அக்கா காயப்போட்டிருந்த வத்தல் மேல் ஏற்றிவிட்டாள், “ஏத்தா, எல்லாரும் வத்தல மிக்சியில அரைப்பாக, நீ வண்டியில அரைக்கியே” என்று அக்கா கேட்டதில் தெருவே சிரித்தது. விடுதியில் உங்களுக்குப் போன் கிடையாது, அதனால் பிரஸ்ஸில் ரோலர் கழுவுகிற இடைவெளியில் உட்கார்ந்து எழுதுகிறேன், சுருக்கமாக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லாரும் உயிரை விடுகிற ‘வாகையும் ஏழு ஓணான்களும்’ கதையைப் படமாக எடுத்துக் கெடுத்துவிட்டார்கள், புத்தகத்தில் அடுப்புக்கரி நிறத்துச் சிறுமியாக இருக்கிற வாகையைப் பால் நிறமாக்கிவிட்டார்கள், அடுத்த மாதம் பள்ளியில் படத்துக்குக் கூட்டிப்போனால் ஒருத்தரும் பஸ்ஸில் ஏறமாட்டோம், டைரக்டரைத் திட்டிப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை தபாலில் போடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். ஆதாரம் நான் போட்டு அனுப்பிய நோட்டு அட்டை. போடாதே. தப்பு டைரக்டர் மேல் இல்லை, என் மேல்.

மெஷினில் கலர் சரியாக விழும்வரை வருகிற வேஸ்ட் தாளில்தானே வருஷாவருஷம் உன் நோட்டுக்கு அட்டை போடுகிறேன். அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனி ஒன்று படக்காரர்களிடம் அனுமதி வாங்கி ‘வாகை புஸ்வாணம்’ விடுகிறது, அந்தப் பெட்டி லேபிள் எங்கள் பிரஸ்ஸில் ஓடியது, நீ குதிப்பாய் என்று பொறுக்கி எடுத்துப் போட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் கம்ப்யூட்டரில் படக்காரர்கள் அனுப்பிய ஒரிஜினல் போட்டோவைத் திறந்தேன். அதில் வாகையாக நடிக்கிற பிள்ளை கருப்பாகத்தான் இருக்கிறது, நல்ல கருப்பு. லேபிளில் பெண் முகம் வந்தால் அது வெளுக்கக் கருப்பு மையையும் நீல மையையும் முப்பது சதவீதம் இறக்குவது இங்கே யாரும் யாருக்கும் சொல்லாமலே நடக்கிற வேலை. இருபது வயதில் டிப்ளமோ முடித்து வந்து உட்கார்ந்த நாளிலிருந்து சாமி முதல் சாக்லேட் தின்கிற குழந்தை வரை எல்லாரையும் அப்படித்தான் வெளுத்திருக்கிறேன். வாகைக்கும் கை தானாகப் போயிருக்கிறது, யோசிக்கவே இல்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். “உங்க மக நெறந்தான அந்தப் பிள்ளைக்கும், நாளைக்கு அவ போட்டா வந்தாலும் இப்படித்தான் வெளுப்பீகளோ” என்று கேட்டுவிட்டுத் தோசைக்குக் கரண்டி எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் முகத்தைத் தொடாமல் புரூஃப் போட்டு அச்சங்குளத்துக்கே எடுத்துப்போனேன். அந்தக் கம்பெனி மேனேஜர் கனகசபாபதி அண்ணாச்சி பார்த்ததுமே, “ஏலே மாரீஸ்வரா, பெட்டியில இம்புட்டுக் கருப்பா இருந்தா எவம்லே கையில எடுப்பான்” என்றார். படத்தில் ஒரு பிள்ளை, பெட்டியில் வேறொரு பிள்ளையா, புத்தகம் படித்த பிள்ளைகள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள், என் மகளே பன்னிரண்டு பேரைச் சேர்த்துவிட்டாள் என்று கத்தினேன். பையிலிருந்த உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன், அவர் படித்துவிட்டு, “உன் மகளா, உன்ன மாதிரியேதான் ஏசுதா” என்று சிரித்தார். பிறகு அவரே, பின்னால் புஸ்வாணப் பொறிக்கு மஞ்சளைக் கூட்டு, முகம் எடுப்பாகத் தெரியும் என்று சொன்னார். கூட்டினேன். வெளுத்ததைவிட இதுதான் கண்ணை இழுக்கிறது. முதல் லோடு வெளுத்த முகத்தோடு போய்விட்டது, அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. மீதி ஆர்டர் முழுக்க உங்கள் வாகைதான். அந்தப் புது லேபிள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், புத்தகத்தின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்.

படம் நன்றாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஏழு ஓணான் மூன்றாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன், பாட்டு வேறு உண்டாம். போய்ப் பார்த்துவிட்டு அதற்குத் தனியாகக் கோபப்படு, பார்க்காமல் கோபப்படாதே, அளக்காமல் மையை ஊற்றுகிறவனும் நீயும் ஒன்றாகிவிடுவீர்கள். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டாதே, வாந்தி வருமென்றால் முன் சீட்டில் உட்கார்.

நல்லா இரு, நல்லாப் படி, இதே ரோஷத்தோடு வளர். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. டைரக்டர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதி, பன்னிரண்டு கையெழுத்தோடும் பிரஸ் முகவரிக்கு வெள்ளிக்கிழமையே அனுப்பு. என் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டப்போகிறேன், இனி எந்த முகம் வந்தாலும் அதைப் படித்த பிறகுதான் மவுஸில் கை வைப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மாரீஸ்வரன்