தலையில்லாத ராஜா

அன்புள்ள குட்டிம்மா,

நான் உன் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு நாள் முழுக்க என்னோடு சுற்றினாயே, அன்று உன் பேச்சில் கூடவே வராத உன் மாமியார் எப்படி அத்தனை தடவை வந்தார்?

மூன்று அருங்காட்சியகங்கள் பார்த்தோம். நான் படித்த வரலாறு அன்றைக்காவது உதவும் என்று நினைத்தேன். பழைய நாணயங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ கைபேசியைப் பார்த்தாய். தலை உடைந்த அந்த ராஜா சிலைக்கு வந்ததும்தான் உன் முகம் மலர்ந்தது.

"அம்மா, போன மாசம் அத்தைய இங்க கூட்டிட்டு வந்தேன்ல, என்ன சொன்னாங்க தெரியுமா? 'தலையே போனாலும் இடுப்புல இருந்து கைய எடுக்கல பாரு, அப்படியே உன் மாமனார்தான்'னாங்க!"

கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

"சிலை எந்தக் காலத்ததுன்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"போம்மா, பரீட்சையா வைக்கிற?"

உன் அத்தை நல்லவர், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தச் சிலையில் அப்படியென்ன வேடிக்கை இருக்கிறது?

மறுநாள் நீ வேலைக்குப் போனபின் நான் வீட்டிலேயே இருந்ததாகச் சொன்னேன். இல்லை. தனியாக அங்கே போய் அந்த ராஜாவின் முன் நின்றேன். காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். உன் அத்தையிடம் சொல்லிவிடாதே.

அம்மா