அப்பாவுக்கு நைட் ஷிப்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறேன் என்று பொய் சொல்லாதே.

நான் தனியாக இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று நீ கொடுத்தனுப்பிய அப்பாவின் சட்டையைத் தினமும் மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிடுகிறேன். உன் யோசனை அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது. நேற்று கீழ்வீட்டு அக்கா என்னை மாடியில் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, உங்கப்பா ஒரு நாள்கூட கண்ணுல பட மாட்டேங்கறாரே?"

நம் வீட்டின் முதல் பட்டதாரிக்குச் சட்டென்று வாயில் வந்தது, "நைட் ஷிப்ட்க்கா."

"அதுக்குன்னு? தண்ணி மோட்டார் ரிப்பேர்னு எல்லா வீட்டுலேருந்தும் வந்து பேசறாங்க. இவர் எட்டிக்கூடப் பாக்கல. ரொம்பத்தான் பிகு!"

அப்பாவுக்குப் பிகுவாம்! உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கொடியைக் காட்டி, "ஒரே சட்டையைத் தினம் துவைச்சா கிழிஞ்சிரும்னு அப்பாகிட்ட சொல்லு" என்றார்.

"சரிக்கா, சொல்றேன்" என்று இறங்கி வந்துவிட்டேன். அப்பாகிட்ட சொல்லு என்று யாராவது என்னிடம் சொல்லி நாலு வருடமாகிறது அம்மா.

பீரோவில் இருக்கும் நீலக் கட்டம் போட்ட சட்டையையும் அனுப்பு. ஒரே சட்டை என்றால் அவருக்குத்தானே கேவலம்? இஸ்திரி நானே போட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் கூட்டத்துக்கு நானே போகிறேன். பேச வேண்டியதை எழுதி, கண்ணாடி முன் இரண்டு தடவை பேசியும் பார்த்துவிட்டேன். உண்மையையும் அங்கேயே சொல்லிவிடுவேன். அதுவரைக்கும் அவர் நைட் ஷிப்ட் பார்க்கட்டும்.

குக்கர் கத்துகிறது, முடிக்கிறேன்.

உன் மகள்