நாற்பத்து நான்கு மில்லிமீட்டர்

காஞ்சிபுரம்
நவம்பர் 18

அன்புள்ள ஸௌம்யா அக்காவுக்கு,

நதியா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். புனேயில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னீர்கள். வெளியே போகும்போது காதுக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் போனில் மழை அளவு அனுப்புகிறவள் இன்று எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டேன். பேசலாம் என்றால் நீங்கள் நடுவில் ஏதாவது கேட்பீர்கள், எனக்கு வாய் அடைத்துப்போகும். பள்ளிக்கூடத்தில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னபோதெல்லாம் அப்படித்தான் நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றதும் அதனால்தான். காகிதம் குறுக்கே கேள்வி கேட்காது.

உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாலையில் கோயில் வரை நடக்கிறார். மாடியில் நீங்கள் வைத்த வானிலைக் கருவியின் காற்றுக் கிண்ணம் ஒன்றைக் குரங்கு மறுபடியும் பிடுங்கிப் போட்டது. தெருவில் கிடந்ததை எடுத்து அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனி மாதம் குரங்கு அதன் ஒயரைக் கடித்து வைத்ததிலிருந்து அந்தக் கருவி எதையும் பதிவு செய்வதில்லை. கையால் பார்க்கிற மழைமானி ஒன்றுதான் மிச்சம். நான் நாடாவுக்கு நூல் தார் சுற்றப் போகும் தறி வீட்டில் சிட்டிபாபு அண்ணன் என்னைப் பார்த்ததும், "இன்னா வானிலை மேடம், இன்னிக்கு தெருவுல பாவு நீட்டலாமா, இல்ல நனைஞ்சிக்கினு நிக்கணுமா?" என்று கேட்கிறார். நான் தலையை ஆட்டினால் நீட்டுகிறார். என் தலையாட்டலை நம்பி ஒருவர் பட்டு நூலை வெளியே எடுக்கிறார் என்பதால் இப்போதெல்லாம் தலையை ஆட்டும் முன் இரண்டு முறை வானத்தைப் பார்க்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 13-ஆம் தேதி வானிலை ஆர்வலர்கள் கூட்டத்தில் நம் மாடி மழையைப் பற்றிப் பேசப்போகிறீர்கள். அதற்குத் தயார் செய்த படத்தை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அக்டோபர் 23, பக்கத்தில் ஓரிக்கையில் பதினெட்டு மில்லிமீட்டர், நம் மாடியில் மட்டும் அறுபத்தொன்று. கீழே 'மழை அளவீடு: நதியா' என்று இருந்தது. உங்கள் வானிலைக் குழுவில் ராம்ப்ரஸாத் சார், "உங்க மாடி மட்டும் தனி நாடா?" என்று கிண்டல் செய்தபோது, "நதியா பார்த்தா தப்பே வராது. அவ ஒரு நாள்கூட விட்டதில்ல" என்று நீங்கள் சண்டை போட்டீர்கள். அதைப் படித்த அன்றுதான் போனில் முதல் முறை எழுதி அழித்தேன்.

அக்கா, அந்த அறுபத்தொன்று உங்கள் மாடியில் பெய்யவில்லை. தயவுசெய்து அதைப் பேசாதீர்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அக்டோபர் 22 அன்று வழக்கம்போல எட்டரை மணிக்குப் பின்பக்க இரும்புப் படி ஏறப் போனேன். உங்கள் அம்மா கொல்லையில் நின்றிருந்தார். "நதியா, மேல மடி ஒணத்தியிருக்கு. மனுஷாளும் வந்திருக்கா. மூணு நாள் கழிச்சு வாம்மா" என்றார். மாமி கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் வந்திருக்கிறாய் என்று ஒரு டம்ளர் மோர்கூடக் கொடுத்தார்.

எனக்கு அது மாடி என்றுதான் காதில் விழுந்தது. அதற்கு முந்தின வாரம்தான் உங்கள் மாடி ஒழுகுகிறது என்று மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பூச்சு பூசியிருக்கிறார்கள், காய்கிறது, மிதிக்கக்கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். உங்களிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நாள் விட்டாலும் மாதக் கணக்கு ஓட்டையாகிவிடும் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. முதல் நாள் மழைக்கு எங்கள் வீட்டுக் கூரை ஓரத்தில் இருந்த பெயின்ட் வாளியில் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு. அனுப்பினேன். மறுநாள் அறுபத்தொன்று. அதையும் அனுப்பினேன். அந்த வாளி வாய் அகலம், அடி குறுகல். போதாததற்குக் கூரைத் தகடு வேறு அதில் சொட்டுகிறது. மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக இருந்தால்தான் மழை அளவு சரியாக வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இரண்டு நாள் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

இரண்டாம் நாள் சாயந்திரம் அப்பாவிடம், உங்கள் வீட்டு மாடிக்குப் பூச்சு பூசியிருக்கிறார்கள் என்றேன். அப்பா கட்டட வேலை செய்கிறவர் அல்லவா, விழுந்து விழுந்து சிரித்தார். "ஐப்பசி மழை கொட்டிக்கினு இருக்குது, எவன்மா பூச்சு பூசுவான்? மேஸ்திரிக்கு மண்டைக்குள்ள தண்ணி பூந்துக்கிச்சா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை. அந்தத் தெரு வீடுகளில் பத்து வருடம் பாத்திரம் தேய்த்தவர். மாமி என்ன சொன்னார் என்று வார்த்தை மாறாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அது மாடி இல்லமா, மடி" என்றார். "அவங்க வூட்ல திவசம் வந்திருக்கும். தோய்ச்ச துணிய மேல காயப் போட்டிருப்பாங்க. நம்ம பட்டுட்டா மறுபடியும் தோய்க்கணும். அதான் வர வேணாம்னாங்க." பிறகு, "இதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வெச்சுக்காத" என்றார்.

தகரக் கூரைக்கு அடியில் கட்டிய அந்தக் கொடிக்குக் கீழே குனிந்துதான் மழைமானிக்குப் போக வேண்டும். இரண்டு வருடமாக எத்தனை முறை என் தலை அந்தத் துணிகளில் பட்டிருக்கும் என்று ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நான் வாளியைக்கூடப் பார்க்கவில்லை. ஏழு என்று அனுப்பினேன். ஏன் ஏழு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கோபத்தில் விரல் தொட்ட எண் அது. அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை அக்கா, ஆனால் பொய் உங்களுக்குத்தான் வந்து சேர்ந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. நான்காம் நாள் காலையில் மாடிக்குப் போனேன். கொடி காலியாக இருந்தது. மழைமானியில் மூன்று நாள் மழையும் சேர்ந்து நின்றது. அளந்தேன். நாற்பத்து நான்கு. நான் அனுப்பிய மூன்றையும் கூட்டினால் தொண்ணூறு. அப்போதே உங்களைக் கூப்பிட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் ஏன் மூன்று நாள் போகவில்லை என்று கேட்பீர்கள். நான் சொல்ல வேண்டும். நீங்கள் உடனே மாமியிடம் சண்டைக்குப் போவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். அதனால் தண்ணீரைக் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கொட்டிவிட்டு, மழைமானியைத் துடைத்துத் திருப்பி வைத்துவிட்டு, அன்றைக்குப் பூஜ்யம் என்று அனுப்பினேன். அன்று மட்டும் அது உண்மை. முந்தின நாள் எட்டரைக்குப் பிறகு ஒரு சொட்டு பெய்யவில்லை.

ஆகையால் உங்கள் ஏட்டில் அக்டோபர் 22, 23, 24 மூன்றையும் அடித்துவிடுங்கள். அந்த மூன்று நாளுக்கும் சேர்த்து நாற்பத்து நான்கு மில்லிமீட்டர். இது மட்டும் மழைமானியில் என் கண்ணால் பார்த்தது. மற்ற நாள்களை நீங்கள் நம்பலாம். ஆனால் ஒரு முறை பொய் எழுதியவள் இதைச் சொல்லிக்கொள்வது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரிகிறது. படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ராம்ப்ரஸாத் சாரிடம் அளந்தவள் தப்பு செய்தாள் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

மாமியிடம் இதைக் கேட்காதீர்கள். சென்ற வாரம் எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்து மிளகுக் கஷாயம் வைத்து, படியில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். நீங்கள் கேட்டால் அவர் மனசு கஷ்டப்படும். என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுவார். அப்புறம் நான் அந்தப் படி ஏற முடியாது.

நாளைக் காலை எட்டரைக்கும் போவேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் வரைக்கும் போவேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உங்கள் கூட்டம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்காக ஒன்றும் கேட்கப்போவதில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஐப்பசியிலும் அந்தத் திதி வரும். மழையும் வரும். ஏட்டில் அந்த மூன்று நாள் கட்டங்களில் நான் என்ன எழுத வேண்டும் என்று நீங்களே ஒரு வார்த்தை யோசித்துச் சொல்லுங்கள், அக்கா. அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
நதியா