கச்சான் பிடுங்கும்போது சொன்ன வரலாறு

என் தங்கத் தாயே,

பல்கலைக்கழகத்துக் கடிதம் வந்துவிட்டது. ஆறு கிழமை எங்கெல்லாமோ சுற்றி, வவுனியா தாண்டி, உறை கிழிந்து இன்றுதான் விசுவமடுவுக்கு வந்து சேர்ந்தது. என் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள் அம்மா! நான் இனிக் கலாநிதி. நம்பமுடியாமல் மூன்று தரம் வாசித்தேன்.

பக்கத்துக் காணித் தவமணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "டொக்டராயிட்டீராம். என்ட முழங்கால் நோவை ஒருக்காப் பாருமன்" என்றார். நான் ஊசி போடுகிற டொக்டர் இல்லை, ஊசி போட்டவர்களின் சரித்திரம் எழுதுகிறவள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் இந்தச் சண்டைக்காலத் தட்டுப்பாட்டிலும் சீனி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

தேயிலைத் தோட்டத்து வைத்தியர்கள் நம் சனத்தை மட்டமான இனம் என்று அளந்து பதிந்ததையும், பெண்களின் கருப்பையில் கைவைத்ததையும் ஆராயத் தொடங்கினேனே, நினைவிருக்கிறதா? மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய பெண்களிடம் போனேன். கதிரை தந்தார்கள். நான் இருந்தேன், அவர்கள் நின்றார்கள். பெயர், வயது, எத்தனை பிள்ளை என்று கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அவர்களோடு நின்ற நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

"தோட்டத்து டாக்டரும் இப்புடித்தாண்டி ஒக்காந்துகிட்டு கேப்பாரு. கதிரைய விட்டு எறங்கு. கச்சான் புடுங்க வா."

வந்தேன். குனிந்து நிலக்கடலைச் செடியைப் பிடுங்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, அதனால் கதை வந்தது. ஒலிப்பதிவுக் கருவிக்குப் பற்றரி கிடைக்காத காலம். மண் கையோடு கொப்பியில் எழுதினேன். முதலில் பேசியது நீங்கள். என்னைப் பெற்ற மூன்றாம் நாள், உங்களை ஒரு வார்த்தை கேட்காமல், இனிப் பிள்ளை பிறக்காதபடி ஒப்பரேசன் செய்தார்களாம். ஏனம்மா அவ்வளவு காலம் என்னிடம் சொல்லவில்லை?

போன மாரியில் காய்ச்சலோடு கிடந்தபோதும், "நம்ம பேச்ச அவங்க நம்புவாங்களாடி?" என்றுதான் கேட்டீர்கள். போர்வையை இழுத்து உங்களைப் போர்த்திவிட்டேன்.

நம்பிவிட்டார்கள் அம்மா. நீங்கள் எல்லோரும் சொன்ன அத்தியாயம்தான் இந்த ஆய்வின் உயிர் என்று பரீட்சகர் எழுதியிருக்கிறார். அதில் உங்களை 'ஒரு தாய்' என்று மட்டும் குறித்திருந்தேன். "பேர ஒளிக்க நானா தப்பு செஞ்சேன்?" என்று ஏசினீர்களே, நீங்கள் சொன்னதுதான் சரி. புத்தகமாக வரும்போது உங்கள் பெயரை முழுதாகப் போடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
இந்தச் சனத்துக்குப் பிள்ளைகள் போதும் என்று அவர்கள் முடிவெடுக்க மூன்று நாள் முந்திப் பிறந்துவிட்ட உங்கள் கடைக்குட்டி,
மாரியாயி மகள், கலாநிதி செல்வமலர்