வேலாயுதம் துணை

பதிவு: திங்கள், காலை 7.30

நிலவின் தென்முனை, பனிப்பள்ள ஆய்வு நிலையம். எழுதுபவர்: இளவெயினி, பத்தாம் வகுப்பு. நிலையத்தில் இருப்பவர்: நான் மட்டும். இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம்.

பனி ஆய்வாளரான என் அம்மா தமயந்தி நேற்று ஊர்தியில் பள்ளத்துக்குள் இறங்கினார். அங்கே வெயில் ஒருநாளும் விழுந்ததில்லை. ஊர்தி "நான் எங்கே?" என்று கேட்கும். நிலையத்துக் கணினி பதில் சொல்லும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி வர வேண்டும். பிற்பகலில் மலைமுகட்டின் நிழல் எங்கள் சூரியத் தகடுகளை மூடிவிடும். அதற்குள் அம்மா வந்துவிடுவார்.

காற்று, அழுத்தம், வெப்பம் எல்லாம் சரி. கீரைத் தொட்டியில் புதிதாக இரண்டு இலைகள்.

பதிவு: காலை 9.10

கணினியில் இடம் தீர்ந்துவிட்டது. அம்மா அனுப்பும் பனி அளவுகள் பாதியில் நிற்கின்றன. வானொலியில் அம்மா:

"வெயினி, வேண்டாத நிரல் பொதியெல்லாம் நீக்கிடு. ஆனா ஒண்ணு. பின்னாடி ஓடிக்கிட்டிருக்கிற சேவையை முதல்ல நிறுத்தணும், அப்புறம்தான் பொதியை நீக்கணும். புரியுதா? அப்புறம் அந்த உப்புமாவைப் பொட்டலத்தோட குப்பையில போட்டா எனக்குத் தெரிஞ்சிடும்."

உப்புமாவைச் சாப்பிட்டேன்.

நிறுத்தாமல் நீக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பாட்டுப் பெட்டி நிரலில் சோதித்தேன். பொதி போய்விட்டது, பாட்டு மட்டும் நிற்கவில்லை. வட்டிலிருந்து அழிந்த பிறகும் நினைவகத்தில் இருந்துகொண்டு பாடியது. சேவையை நிறுத்தினேன். அதன் பிறகு எவ்வளவு கூப்பிட்டும் அது திரும்பவில்லை.

பதிவு: காலை 10.45

ஒழுங்காகச் செய்தேன். ஓடும் சேவைகளின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். "வழிகாட்டி" என்ற சேவை ஓடுகிறது. அதுதான் ஊர்திக்குப் பதில் சொல்வது. அதைத் தொடவில்லை. சதுரங்கம், பழைய பாட நூலகம், தோட்டக்காரன் ஆகியவற்றை நிறுத்தி நீக்கினேன்.

பொதிகளின் பட்டியலில் முதல் வரியாக "வேலாயுதம் துணை" என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையிலும் கடை ரசீதிலும் மேலே போடுவார்களே, அதுபோல யாரோ பக்தியோடு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அதுதான் நிறைய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. சாமி படமும் மணியோசையும் இருக்கும்போல. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நீக்கினேன்.

அம்மாவின் அளவுகள் வரத் தொடங்கிவிட்டன.

பதிவு: காலை 11.40

சுற்றுக்கலம் தலைக்கு மேல் கடந்தது. அதில் பொறியாளராக இருப்பவர் வேலாயுதம் மாமா. போன வருடம் வரை இந்த நிலையத்தில் இருந்தவர். நீக்கியவற்றைக் காரணத்தோடு வரிசையாகச் சொன்னேன். அந்தப் பெயர் வந்ததும் குறுக்கிட்டார்.

"அது என் பேரும்மா. நான் எழுதின துணை நிரல், அதனால வேலாயுதம் துணை. வழிகாட்டி சேவை அதுக்குள்ளதான் இருக்கு. சாமின்னா நெனச்சே? எங்க மாமியார்கூட என்னை அப்படிக் கும்பிட்டதில்ல."

சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

"பயப்படாதே. பொதிதான் போச்சு, சேவை ஓடிக்கிட்டுதான் இருக்கு. என்கிட்ட பழைய பிரதி இருக்கு, ஆனா அது பிரயோசனமில்ல. அம்மா போன தடம் அதுல கிடையாது. அதை எழுதி வைக்கிற கோப்பையும் சேர்த்து நீக்கிட்டே. இப்ப அந்தச் சேவைக்கு எல்லாம் மனப்பாடம். கணினி ஒரு தடவை அணைஞ்சா அத்தனையும் மறந்துடும். அம்மா உள்ள வர்ற வரைக்கும் அணையவிடாதே. மீட்புக் கலம் கேக்கறேன், ஆனா நாளைக்குத்தான் வரும்."

மனப்பாடம் எப்படி மறக்கும் என்று எனக்குத் தெரியும்.

பதிவு: பிற்பகல் 12.30

அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மூக்கு ஒழுகிவிட்டது.

"சரி. அழாதே, அழுதா திரை தெரியாது. இங்க ஒரு சக்கரம் பனியில இறங்கிடுச்சு. தோண்டிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் லேட்டாகும்."

"நிழல் வந்துடும்மா."

"வரட்டும். பேட்டரி பழசு, மின்சாரத்தை மிச்சம் பிடி. குரல் அனுப்புற கருவிதான் ரொம்பக் குடிக்கும், அதை நிறுத்திடு. நான் பேசிக்கிட்டே வர்றதா நெனச்சுக்கோ."

"என்ன பேசிக்கிட்டு?"

"உன்னைத் திட்டிக்கிட்டு. வேறென்ன."

நிறுத்தினேன். நிலையத்தில் இவ்வளவு அமைதி இருந்தது எனக்குத் தெரியாது. என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கிறது.

பதிவு: பிற்பகல் 2.15

நிழல் வந்துவிட்டது. மற்ற அறைகளின் விளக்கு, வெந்நீர், தொட்டியின் விளக்கு எல்லாம் அணைத்தாயிற்று. கணினி அறையில் மட்டும் வெப்பமூட்டி. "கணக்கு என்ன சொன்னாலும் வெப்பமூட்டியில கை வைக்காதே" என்று மாமா காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

திரையில் இரண்டு வரிகள்தான் மாறி மாறி வருகின்றன.

ஊர்தி கேட்டது.
பதில் தரப்பட்டது.

முதலில் அதைக் கண்காணித்தேன். இப்போது அதோடு பேசுகிறேன். அது கேட்டதும் "இங்கேதான்மா" என்று சொல்கிறேன். யாரும் இல்லாததால் வெட்கமாக இல்லை.

ஊர்தியின் இடம் மாறவில்லை.

பதிவு: பிற்பகல் 3.40

மாமாவின் கலம் மீண்டும் கடந்தது. கேட்பதற்கு மட்டுமான சிறிய வானொலிக்குத் தனி மின்கலம் உண்டு; மேலே கடக்கும் கலத்தின் குரல் மட்டும்தான் அதில் எட்டும். பதில் சொல்ல முடியாது.

"வெயினி, கேக்குதா? மேலேர்ந்து வெப்பப் படம் எடுத்தேன். ஊர்தி குளிர்ந்து கிடக்கு. அம்மா இறங்கி நடக்கறாங்க. அவங்க உடுப்புலயும் அதே மாதிரி கேக்கற கருவி இருக்கு. அதைப் பாரு."

பார்த்தேன். திரையில் புது வரி.

உடுப்பு கேட்டது. பதில் தரப்பட்டது.

ஒவ்வொரு கேள்வியும் முந்தியதைவிடப் பக்கத்திலிருந்து வருகிறது. அம்மா இருட்டில் நடந்து வருகிறார், என் கணினி ஒவ்வொரு அடிக்கும் வழி சொல்கிறது. எழுந்து குதித்தேன். குதித்ததில் தலை கூரையில் இடித்தது.

பேட்டரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வெப்பமூட்டியும் கணினியும் சேர்ந்து ஓடினால், அம்மா பள்ளத்தின் விளிம்பை எட்டும் முன் இரண்டுமே நின்றுவிடும். மறுபடி போட்டேன். அதே விடை.

வெப்பமூட்டியை நிறுத்திவிட்டேன்.

பதிவு: மாலை 5.50

இரண்டு போர்வை. அம்மாவின் கம்பளிச் சட்டை. கையுறையோடு தட்டுவதால் எழுத்துப் பிழை இருக்கும், மன்னிக்கவும். மூச்சு திரையில் பனியாகப் படிகிறது, துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன்.

அம்மா விளிம்புக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து நிலையத்தின் கதவு கண்ணுக்குத் தெரியும்.

மாமா பேசினார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"வெயினி, வெப்பப் படத்துல நிலையமே குளிர்ந்து கிடக்கு, நான் சொல்றதைக் கேளு. அந்தக் கருவி தானாவே கேக்கும். ஆள் நின்னாலும் கேக்கும். எனக்கும் அது கேக்குது, ரொம்ப நேரமா ஒரே இடத்துலேர்ந்து வருது. நீ கணினியை அணைச்சிட்டு வெப்பமூட்டியைப் போடு. போடும்மா. உங்கம்மாவும் அதைத்தான் சொல்லுவா."

அம்மா அதைச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே வருவதாகத்தான் சொன்னாள்.

ஏறி வந்தவள் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு முட்டி வலி உண்டு. மாமாவுக்கு அது தெரியாது.

பதிவு: நேரம் சரியாகத் தெரியவில்லை

கை வரவில்லை. ஒரு விரலால்.

உடுப்பு கேட்டது. பதில் தரப்பட்டது. அதே இடம்.

உடுப்பு கேட்டது. பதில் தரப்பட்டது.

மீட்புக் கலத்தில் வருபவர்களுக்கு. நான் தூங்கிக்கொண்டிருந்தால் முதலில் விளிம்புக்குப் போங்கள். என்னைப் பிறகு எழுப்பலாம். கணினியை மட்டும் அணைக்காதீர்கள்

அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்