வாயைத் திறக்காத நாள்

மார்ச் 4
இன்று பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தவர்கள்: கனிம, எரிசக்தி அமைச்சகத்திலிருந்து வந்த கண்ணாடிக்கார அதிகாரி, தபால்காரர், தையல்காரி, வேலியை என் பக்கம் தள்ளிப்போட்ட பக்கத்து வீட்டு நெட்டையன், தெரு ஜனம், என் பேத்தி, நான். வாசலில் என் தம்பி. அமைச்சகத்து ஜீப்பை ஓட்டுகிறவன் அவன்தான்.

தெருவுக்கு அடியில் செம்பு இருக்கிறதாம். மின்சாரக் கம்பிக்கு வேண்டுமாம். "மேல் மண் உங்களோடது, அடியில இருக்கிறது நாட்டோடது" என்றார் அதிகாரி. அப்படியானால் என் கிணறு எந்தப் படி வரைக்கும் எனக்குச் சொந்தம்? கேட்க நாக்கு துடித்தது.

"யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தம்பி வாசலிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். காலையிலேயே வந்து சொல்லியிருந்தான்: "அக்கா, உன் வாய் ஊரறிஞ்சது. இன்னிக்கு மட்டும் திறக்காதே. இது வெறும் விளக்கக் கூட்டம். ஆட்சேபம் சொல்ல இன்னொரு கூட்டம் வைப்பாங்க."

பேசவில்லை. யாருமே பேசவில்லை.

மார்ச் 11
தம்பி வந்தான். சாப்பிட்டான். முகம் பார்த்துப் பேசவில்லை. ஏன்?

ஏப்ரல் 2
அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்க, பேத்தியோடு அமைச்சகத்து அலுவலகத்துக்கே போனேன். நீளமான மரத் தட்டுகளில் உருளை உருளையாகக் கல். துளை போட்டு எடுத்ததாம். ஒரு தட்டில் எங்கள் தெருப் பெயர்.

கண்ணாடிக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "இன்னொரு கூட்டமாம்மா? அது ஒண்ணுதான். யாரும் எதிர்க்கலேன்னா சம்மதம்னுதான் மேல எழுதுவோம். உங்க தம்பிக்குத் தெரியாததா? எத்தனை ஊர்க் கூட்டத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கார்! அக்கா பேசலேன்னா தெருவே பேசாதுன்னு அவர்தானே சொன்னார்."

எழுந்துவிட்டேன். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 3
தம்பியிடம் கேட்டுவிட்டேன்.

"எப்படியும் தோண்டத்தான் போறாங்கக்கா. நீ கத்தி நிறுத்திடுவியா? எனக்கு வேலை நிரந்தரமாச்சு. அதையாவது நினைச்சுப் பாரு."

அடப்பாவி, அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் என்ன? என் வாயை அடைக்க உனக்கு என் பாசம்தானா கிடைத்தது?

ஏப்ரல் 5
தையல்காரி சொன்னாள்: "நீங்க பேசலையே, ஏதோ காரணம் இருக்கும்னு நானும் இருந்துட்டேன்."


ஜூன் 19
வாளி கல்லில் இடித்தது. தெருவில் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்த கிணறு வற்றிவிட்டது. நெட்டையன் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேலியைப் பார்த்தபடி நின்றான். போகட்டும், அவனை இன்று மன்னித்துவிட்டேன். கண்ணாடிக்காரரையும்தான். யாராவது ஏதாவது சொல்லணுமா என்று அவராவது கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டார்.

மாலை தம்பி வந்து கதவைத் தட்டினான். "அக்கா, நான்தான்."
தெரியும். திறக்கவில்லை.

அம்மா போன பிறகு இந்தக் கிணற்றில் இறைத்து இறைத்துக் குளிப்பாட்டி வளர்த்தேனே, அவன். மன்னிக்க மாட்டேன். என் தம்பியை.