அப்பா துரத்திய பனிக்கடிதம்

உர்குத், டிசம்பர் 11

அன்பு மகன் அஸ்ரோருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை நசிபாவும் சுகமாக இருக்கிறோம். தோம்ஸ்க் குளிரில் உன் உடம்பு எப்படி, மனசு எப்படி, இரண்டையும் தனித்தனியாக எழுது. போன தடவை உடம்பை மட்டும்தான் உள்ளபடி எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பனி கொட்டியது, விடுதியில் சத்தமே இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்தேன், நிம்மதியாக இருந்தது என்றாய். ஜனவரி விடுமுறைக்குப் போட்ட திட்டத்தையும் படித்தேன். பனிச்சறுக்கு பழகப்போகிறாய், நான்கு தடிப் புத்தகம் படிக்கப்போகிறாய், கிழிந்த காலுறையைக்கூடத் தைக்கப்போகிறாயாம். எல்லாம் நல்லதுதான், ஆனால் கண்ணு, அதில் இன்னொரு ஆளுக்கு இடமே இல்லையே? கூட இருக்கிற பையன் ஊருக்குப் போகிறான் என்பதை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். நீ சும்மா இருக்கத் தெரிந்தவன். ஓய்வுக்கு இத்தனை வேலை வைத்துக்கொள்கிறாய் என்றால் வீட்டை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறாய் என்று பெற்றவளுக்குப் புரியாதா?

விடுமுறைக்கு நீ ஊருக்கு வர நினைக்காததன் காரணமும் தெரியும். வாய்க்கால் அணை கட்டுகிற எஞ்சினியராக வருவாய் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நீ ஒரு வார்த்தை கேட்காமல் கல்லையும் மண்ணையும் படிக்க மாறிக்கொண்டாய். ஆகஸ்டில் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்ததும், இனி இவன் பேச்சு இந்த வீட்ல வேண்டாம் என்று சொன்னவர், அன்றிலிருந்து உன் பெயரை எடுக்கவில்லை. நசிபா உன் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தால் விறகு எடுக்கப் போகிறேன் என்று எழுந்து போவார். படித்து முடித்த பிறகு வெறுங்கையோடு வருவார்.

இப்போது நீ செய்த கள்ளத்தனத்துக்கு வருகிறேன். தபால்கார ஹோசியத்துக்குத் தனியாகக் கடிதம் போட்டு, உள்ளே எங்களுக்கு ஒரு பனிக்கடிதத்தை மடித்து வைத்து, ஊரில் முதல் பனி விழுகிற அன்று எங்கள் முற்றத்தில் எறிந்துவிட்டு ஓடிவிடச் சொல்லியிருக்கிறாய். அவள் தப்பினால் நீ கேட்டதை நாங்கள் கொடுத்தாக வேண்டும், பிடிபட்டால் நாங்கள் கேட்பதை நீ கொடுக்க வேண்டும், அதுதானே நம் வழக்கம்? ஆனால் ஹோசியத்துக்கு இந்த வருஷம் முழங்கால் வலி என்பது உனக்குத் தெரியாமல் போயிற்று. நேற்றுக் காலை முதல் பனி. அப்பா கூரைமேல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். காகிதம் வந்து விழுந்தது, அண்ணன் எழுத்தும்மா என்று நசிபா கத்தினாள். அவ்வளவுதான், ஏணியில் பாதி இறங்கிப் பாதி குதித்து, ஒரு கால் செருப்பைப் பனியில் விட்டுவிட்டு ஓடினார் மனுஷன். குழாயடியில் அவளுடைய பைவாரைப் பிடித்துவிட்டார். ஐயோ தோலிப் அண்ணே, விடுங்க, நான் தூது வந்தவ, எதுவானாலும் உங்க மகன்கிட்ட கேளுங்க என்று அவள் கத்த, கேக்கத்தான் போறேன் என்று மூச்சிரைக்கச் சொன்னார். வழக்கப்படி நசிபா அவள் முகத்தில் கரி பூசினாள். கரியோடேயே உட்கார்ந்து மூன்று கிண்ணம் தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

பிறகுதான் பிரித்துப் படித்தோம். பனிக்கடிதத்தில் ஊரெல்லாம் விருந்து கேட்கும், புதுத் தொப்பி கேட்கும். நீயோ, இந்த விடுமுறைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று கேட்டிருக்கிறாய். அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. அப்பா ஈரக் காலுறையைக் கழற்றி அடுப்பருகே போட்டுவிட்டு, தோத்தவன் அவன், பலாவ் சோறு வைக்கணும்னு எழுது, அவன் கையால, நம்ம கொப்பரையில என்றார். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவன் நம் கொப்பரையில் எப்படி வைப்பான் என்று கேட்டேன். அது அவன் பாடு என்று சொல்லி விறகு எடுக்கப் போனார். இந்தத் தடவை கை நிறைய விறகோடு வந்தார். நல்ல வாதுமைக் கட்டை. இதுல கை வைக்காத, விருந்துக்கு இருக்கட்டும் என்று தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்.

போகிற பாதையெல்லாம் உனக்கு நல்லதாகவே அமையட்டும். ரயிலில் கம்பளிச் சால்வையைக் கழற்றாதே. சறுக்குக் கட்டை கிடைத்தால் கொண்டு வா, இங்கேயும் மேடு இருக்கிறது.

உன் அம்மா ஓய்தின்
அப்பா தோலிப்